ஏலத்துக்கு வராத பூசணி

போன வாரம் புயல் எச்சரிக்கை வந்து நம் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அப்போது நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்? பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்க ஓடியிருப்பீர்கள். நான் திருப்பதி மார்க்கெட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போய் ஒரு முழுப் பூசணிக்காய் வாங்கி வந்தேன். மஞ்சள் பூசணி. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்தார். மூட்டுவலிக்காரி ஒருத்தி எட்டுக் கிலோ பூசணியை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துச் சிரித்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

அந்தச் சிரிப்பின் காரணத்தை உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். நம் வயதில் எதையும் அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

விஜயபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நைனா, அதாவது என் அப்பா, அங்கே கிறிஸ்தவ சபைக்கு உபதேசியார். போதகர் ஐயா டவுனில் இருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், பாட்டு, மணி அடிப்பது, கோயிலைக் கூட்டுவது எல்லாம் நைனாதான். கூட்டுவதை மட்டும் அம்மா செய்வாள், பெயர் நைனாவுக்குப் போகும்.

எனக்கு ஒன்பது வயதாவதற்குள் மூன்று ஊர், மூன்று பள்ளிக்கூடம் ஆகியிருந்தது. நைனாவுக்கு யார் எது கேட்டாலும் கொடுத்துவிடுகிற வியாதி. முந்தின ஊரில் சபையின் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஒரு கல்யாண வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தார். கண்ணாடி உடைந்து திரும்பி வந்தது. அதற்கு முந்தின ஊரில் கம்பளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றல். இந்த ஊருக்கு அனுப்பும்போதே சபைக் கமிட்டியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு தரம் கேட்காமல் சபைப் பொருளைத் தொட்டால் இனி வேறு ஊர் கிடையாது, வேலையே கிடையாது.

எனக்கோ அந்த ஊர் பிடித்துப்போயிருந்தது. தறிக்காரர் தெருவில் ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். அதைவிட முக்கியமாக, எங்கள் கூரைமேல் ஒரு பூசணிக்கொடி ஏறியிருந்தது.

அதில் ஒரு பிஞ்சு என் முட்டி அளவு இருந்தபோது ஆணியால் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைத்தேன். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்தது. கீறின இடம் தழும்பேறி, கார்த்திகை மாதம் வந்தபோது கடைப் பலகை எழுத்துபோல உருண்டு நின்றது. அறுப்பின் பண்டிகைக்கு அதைப் படைப்பதென்று முடிவு. நம் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து பீடத்தைச் சுற்றி வைப்பார்கள். போதகர் ஐயா கைவைத்து ஜெபிப்பார். பிறகு ஒவ்வொன்றாக ஏலம். அந்த வருமானத்தில்தான் கோயிலுக்கு ஓடு மாற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது எல்லாம். ஏலம் விடுகிறவர் சபையின் மூப்பர். பெரிய குரல், பெரிய மீசை. அவர் என் பூசணியைத் தலைக்கு மேல் தூக்கி, "உபதேசியார் பொண்ணு பூசணி!" என்று கத்துவதை நான் எத்தனை நாள் கண்ணை மூடிக் கேட்டிருப்பேன் தெரியுமா?

ஜெபமும் ஏலமும் முடிகிறவரை அந்தப் பொருளை ஒருவரும் தொடக் கூடாது. அது ஆண்டவருடையது. முந்தின வருஷம் நான் ஒரே ஒரு வேர்க்கடலையை எடுத்து வாயில் போட்டதற்கு மூப்பர் என் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தார். நான் அதற்குள் விழுங்கிவிட்டேன், அது வேறு விஷயம்.

அந்த வருஷம் வெள்ளிக்கிழமைக்குள்ளேயே பீடம் நிறைந்துவிட்டது. வேர்க்கடலை மூட்டைகள், வாழைத்தார்கள், தேங்காய், கத்திரிக்காய், அவரை, கரும்புக் கட்டு, ஜன்னல் கம்பியில் கட்டின மூன்று சேவல்கள். நடுவே கைப்பிடி அரிசிப் பானைகள். சபைப் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியாகப் போட்டுவைப்பார்கள். வருஷம் முழுக்கச் சேர்ந்தது பண்டிகைக்கு வரும். எல்லாவற்றுக்கும் முன்னால் என் பூசணி, எழுத்து தெரிகிற பக்கம் ஜனத்தைப் பார்த்தபடி.

மழை வெள்ளிக்கிழமை மத்தியானமே பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை விடியலில் ஏரி உடைந்தது.

கோயில் மேட்டில் இருந்ததால் ஊர் முழுக்க அங்கே ஏறி வந்தது. எங்கள் காலனி ஜனம் வந்தது. தறிக்காரர் தெருவும் வந்தது. அவர்களுக்குத் தறி இருப்பது குழியில். தண்ணீர் முதலில் இறங்கினது அங்கேதான். என் சிநேகிதியின் அப்பா பாதி நெய்த சேலையைத் தறியில் இருந்து அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பாதிச் சேலையைக் கோயில் உத்தரத்தில் கட்டி, அவர் தம்பி குழந்தையைப் போட்டு ஆட்டினார்கள். உச்சி வேளைக்குத் திருப்பதியில் இருந்து வந்த ஒரு பஸ் இரண்டு தரைப்பாலங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அந்த ஜனமும் டிரைவர் கண்டக்டரோடு மேட்டுக்கு வந்து சேர்ந்தது. வெளியே பார்த்தால் தண்ணீர், உள்ளே பார்த்தால் தலை. எங்களைப்போன்ற பிள்ளைகளுக்கு அதைவிடத் திருவிழா வேறென்ன வேண்டும்? ஈரத் தரையில் வழுக்கி விளையாடி நான் இரண்டு முறை விழுந்தேன், சிநேகிதி மூன்று முறை.

இடம் பண்ணுவதற்காகப் பீடத்துப் பொருளை ஓரமாக ஒதுக்கினார்கள். அந்தச் சந்தடியில் நான் என் பூசணியை உருட்டிக்கொண்டுபோய் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் வைத்து, ஒரு பழைய அங்கியால் மூடிவிட்டேன். இத்தனை வாய்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நைனாவை எனக்குத் தெரியாதா?

எங்கள் வீட்டு அரிசியில் அம்மா காய்ச்சின கஞ்சி மத்தியானத்தோடு தீர்ந்தது. நாலு மணிக்குக் குழந்தைகள் ஒன்று மாற்றி ஒன்று அழத் தொடங்கின. நைனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூட்டைகளுக்கு முன் நின்றார். மூப்பர் பக்கத்தில் வந்தார்.

"உபதேசியாரே, பாத்துக்கினு நிக்காதீங்க. அது ஆண்டவருக்குக் குடுத்தாச்சி. ஐயா வராம ஒரு கடலையத் தொட்டா நாளைக்கி நீங்கதான் பதில் சொல்லணும்."

"தெரியும் மூப்பரே."

"தெரிஞ்சா சரி. புள்ளகுட்டிக்காரரு நீங்க."

அப்போது வாசல் பக்கம் இருந்து ஒரு குரல் வந்தது. பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவர். அறுபது வயதிருக்கும். திருப்பதியில் ஒரு பெருமாள் கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர். மகளைப் பார்க்கப் போகிற வழி. நெற்றியில் நாமம் மழையில் பாதி கரைந்திருந்தது. உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றிருந்தார்.

"ஒரு சந்தேகம் கேக்கலாமா? இதெல்லாம் உங்க சுவாமிக்குச் சமர்ப்பிச்சதா?"

"ஆமாங்க சாமி," என்றார் நைனா.

"கண்டருளியாச்சா?"

நைனாவுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார்.

"எங்க கோயில்ல தளிகை பண்ணி உள்ள கொண்டு வெப்போம். திரை போடுவோம். பெருமாள் பார்ப்பார். அதத்தான் கண்டருளறதுன்னு சொல்றது. திரை விலகிட்டா அது பிரசாதம். அப்புறம் அத வெச்சுண்டிருந்தா எங்களுக்கு மகா பாவம். வாசல்ல நிக்கறவாளுக்கு உடனே போயிடணும். அதான் கேட்டேன். உங்க சுவாமி இன்னும் பார்க்கலையா?"

நைனா பீடத்தைப் பார்த்தார். பிறகு ஜனத்தைப் பார்த்தார். தொட்டிலில் அழுகிற குழந்தையைப் பார்த்தார். அவர் முகம் மாறினதை நான் இன்றைக்கும் அப்படியே சொல்லுவேன். ரொம்ப நாள் தூக்கிக்கொண்டு நடந்த மூட்டையை இறக்கிவைத்தவர் முகம்.

"பாத்துட்டாருங்க சாமி. காலையில இருந்து பாத்துக்கினுதான் இருக்காரு."

அங்கேயே முழங்காலில் நின்றார். நைனா வழக்கமாக நீளமாக ஜெபிக்கிறவர். அம்மா நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழுவாள். அன்றைக்கு இரண்டே வரி. "ஆண்டவரே, இவங்க பசி உமக்குத் தெரியும். எங்களுக்கும் தெரிஞ்சிபோச்சி. ஆமென்."

எழுந்து அம்மாவிடம், "இந்தாம்மே, கல்யாண அண்டாவ எடு" என்றார். அம்மாவுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். மாற்றல்கூட இல்லை, இந்தத் தரம் வேலையே போகும். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"எடுக்கறேன். மூட்டை கட்றது எனக்கென்னா புதுசா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூப்பர் விருட்டென்று வெளியே போய்விட்டார். விறகு ஒன்றுகூடக் காய்ந்ததாக இல்லை. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது சாமான் அறையில் இருந்து மடார் மடார் என்று சத்தம் கேட்டது. மூப்பர் கோடாலியோடு கோயில் பெஞ்சு ஒன்றைப் பிளந்துகொண்டிருந்தார்.

"கறையான் அரிச்ச பெஞ்சி. எப்பிடியும் ஒடைக்கணும்னுதான் இருந்தேன்," என்றார், யாரும் கேட்காமலே. அது தேக்குப் பெஞ்சு. கறையானுக்கு அதன் விலாசமே தெரியாது.

கோயிலின் பின்பக்கத் தாழ்வாரத்தில் அடுப்பு மூட்டி, அண்டா பொறுப்பை மடப்பள்ளிக்காரர் எடுத்துக்கொண்டார். கோயில் ஓட்டில் வழிகிற மழைத் தண்ணீரைப் பிடித்தார். கைப்பிடி அரிசியை முறத்தில் கொட்டிப் பார்த்தவர் திகைத்துப்போனார்.

"இது என்ன அரிசி?"

"நாப்பது வூட்டு அரிசிங்க சாமி," என்றாள் அம்மா. "தெனம் ஒரு பிடி."

பச்சரிசி, புழுங்கல், சிவப்பு, குறுணை எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. முப்பது வருஷம் ஒரே அரிசியில் சமைத்தவருக்கு அது பெரிய சோதனைதான். ஒன்று வேகிறதற்குள் இன்னொன்று கரைந்துவிடும். முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, எல்லாமே கரையட்டும்!" அவரையும் கத்திரிக்காயும் வேர்க்கடலையும் போட்டுக் குழையக் குழைய ஒரு சோறு இறக்கினார். தேங்காய் வாசனையும் ஈரத்துணி வாசனையும் சேர்ந்து கோயிலுக்குள் சுற்றி வந்தது. கண்டக்டர் விசிலை எடுத்து ஊதி, "லைன்லோ ரண்டி, லைன்லோ ரண்டி! ரைட் ரைட்!" என்று வரிசையை நகர்த்தினார். வாழை இலையில் விழுந்த சோறு நெஞ்சுவரை சுட்டது. அப்படி ஒரு சோறு நான் பிறகு எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

ஆனால் அம்மாவுக்கு மடப்பள்ளிக்காரர்மேல் ஒரு மனத்தாங்கல் விழுந்துவிட்டது. அவர் வெங்காயம் வேண்டாம் என்றார். அதுகூடப் பரவாயில்லை. உப்பு பார்க்கச் சொன்னதற்கு, "நான் ருசி பார்க்கறதில்லையம்மா" என்றார். நைனா வந்து ஜெபித்து முடிக்கிறவரை அண்டாவை விட்டு நாலடி தள்ளியே நின்றார். பிறகு எல்லாருக்கும் ஓடி ஓடிப் பரிமாறினார், எங்களோடு உட்காரவில்லை.

"நம்ம அரிசி, நம்ம பானை. தீட்டு பாக்கறாரு," என்று அம்மா என்னிடம் சொன்னாள். "சமைக்கறதுக்குக் கை வரும், துன்றதுக்கு வாய் வராது." இப்படிச் சொல்ல அம்மாவுக்குக் காரணம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாழ்நாளில் அவள் எத்தனையோ வாசல்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டவள். அதனால் நானும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்தது. பண்டிகைச் சட்டை ஒருவரிடமும் இல்லை. தறிக்காரர் தெருப் பெண்கள் எங்கள் பாட்டின் ராகத்தைப் பிடித்துக்கொண்டு வார்த்தை தெரியாத இடங்களில் முனகினார்கள். மடப்பள்ளிக்காரர் வாசலில் நின்று கண்ணை மூடித் தன் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்தார். நைனா ஆமென் சொல்கிற ஒவ்வொரு முறையும் மூன்று சேவலில் ஒன்று கூவியது. நைனாவே சிரித்துவிட்டார். வேலை போகப்போகிறது, ஓடு ஒழுகுகிறது, ஊர் தண்ணீருக்குள் இருக்கிறது, மனுஷன் சிரிக்கிறார். சமாதானம் என்று பிரசங்கத்தில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை வெயில் வந்தது. காய்கறி எல்லாம் தீர்ந்து அரிசி ஒரு பானைதான் மிச்சம். காலையில் வெறும் உப்புக் கஞ்சி ஊற்றினார்கள். எல்லாரும் குடித்துவிட்டுத் துணி காயவைக்கப் போன பிறகு நான் கோயிலுக்குப் பின்னால் போனேன். மடப்பள்ளிக்காரர் தனியாக அண்டாவுக்குள் குனிந்துகொண்டிருந்தார். அடியில் ஒட்டினதை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "சாமி, நீங்க எங்க சோத்த துன்னுவீங்களா?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு சிரித்தார். "மூணு நாளா இதத்தானேம்மா சாப்பிடறேன்."

"பின்ன ஏன் எங்ககூட உக்காரல?"

"பரிமாறினவன் எல்லாருக்கும் கடைசிலதான் சாப்பிடணும். கடைசில பார்த்தா அண்டாதான் இருக்கு!"

"உப்பு பாக்கமாட்டேன்னு சொன்னீங்களே?"

"உங்க நைனா ஜெபம் பண்ணி, உங்க சுவாமி கண்டருளறதுக்கு முன்னாடி நான் எப்படி வாயில வெக்கறது? தப்பில்லையா?"

மூன்று நாளாக நூறு பேருக்குப் பொங்கிப்போட்ட மனிதர் வழித்த சோற்றில் இருந்திருக்கிறார். நானோ எட்டடி தூரத்தில் ஒரு முழுப் பூசணியை அங்கிக்குள் ஒளித்துவைத்து ஜெபத்துக்கும் உட்கார்ந்திருக்கிறேன். ஓடினேன். பூசணியை உருட்டிக்கொண்டு வந்து அம்மாவின் காலடியில் நிறுத்தி, அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். ஒளித்ததற்கு முதுகில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா பூசணியைப் பார்க்கவே இல்லை. "வழிச்சா துன்னாரு?" என்று மட்டும் கேட்டாள். இரண்டாம் முறையும் கேட்டாள்.

மத்தியானத்துக்கு அந்தப் பூசணியும் கடைசி அரிசியும் வெந்தது. வெட்டும்போது என் எழுத்து இரண்டாகப் பிளந்ததைப் பார்த்தேன். வலிக்கத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். நைனா ஜெபித்து முடித்ததும் மடப்பள்ளிக்காரர் வழக்கம்போல் கரண்டிக்குக் கை நீட்டினார். அம்மா கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கி நான்தான் பரிமாறுவேன். நீங்க உள்ள வந்து உக்காருங்க சாமி."

"நான் கடைசில..."

"உக்காருங்கன்னா உக்காருங்க."

அந்தக் குரலுக்கு நைனாவே உட்கார்ந்துவிடுவார். அவர் வாசல்படி தாண்டி உள்ளே வந்து, டிரைவருக்கும் மூப்பருக்கும் நடுவில் சம்மணம் போட்டார். அம்மா முதல் கரண்டியை அவர் இலையில் வைத்தாள். அவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா ஒவ்வொரு முறையும் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு வைத்தாள். புகை என்றாள்.

பாதிப் பந்தியில் போதகர் ஐயா வந்து நின்றார். டவுனில் இருந்து தண்ணீருக்குள் நடந்தே வந்திருக்கிறார். வேட்டியைத் தொடைக்கு மேல் கட்டி, அங்கி மூட்டை தலைமேல். காலியான பீடத்தையும் நிறைந்த இலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். என் கையில் சோறு அப்படியே நின்றுவிட்டது.

"காணிக்கை எல்லாம் எங்க?" என்று கேட்டார்.

நைனா எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மூப்பரின் பெரிய குரல் முந்திக்கொண்டது.

"நான்தான் எடுக்கச் சொன்னேங்க ஐயா. உபதேசியாரு வேணாம்னாரு, நான் கேக்கல. பெஞ்ச ஒடைச்சதும் நான்தான்." மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். "மூணு சேவலு மட்டும் மிச்சங்க. சாமி சைவம், அதனால பொழைச்சிதுங்க."

போதகர் ஐயா தலைமேல் இருந்த மூட்டையை இறக்கி வைத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் மூப்பரே. சோறு மிச்சம் இருக்குதா? நேத்துல இருந்து நான் ஒண்ணும் துன்னல."

அன்றைக்கு எழுந்த சிரிப்பில் ஓட்டில் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்துபோயின. நைனாவுக்கு மாற்றலும் வரவில்லை, வேலையும் போகவில்லை. நைனா மட்டும் அடுத்த நாளே உண்மையை ஐயாவிடம் சொன்னாராம். "மூப்பரு மொகத்துலயே எழுதி இருந்துச்சே" என்றாராம் ஐயா. ஏழு வருஷம் அந்த ஊரிலேயே இருந்தோம்.

பூசணி விதைகளை மடப்பள்ளிக்காரர் கழுவிக் கோயில் படியில் உலர்த்தியிருந்தார். வெள்ளத்தில் எல்லார் வீட்டு விதையும் போயிருந்தது. போகிறவர்கள் ஆளுக்கு நாலு எடுத்துக்கொண்டார்கள். அவரும் நாலு எடுத்து மேல்துண்டில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார்.

அடுத்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் பீடத்தில் பூசணியாகக் குவிந்தது. காலனிப் பூசணி, தறிக்காரர் தெருப் பூசணி. ஏலம் ஆரம்பிக்கும்போது அதே பஸ் மேட்டுக்குக் கீழே வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே ஒரு கூடையைத் தூக்கி வந்தார். "திருப்பதி சாமி இச்சாரு" என்று, சாமி கொடுத்தனுப்பியதைத் தெலுங்கில் சொல்லி வைத்துவிட்டு ஓடினார். கூடையில் ஒரு பூசணி. அதன்மேல் தழும்பேறி உருண்டு நின்றது என் பெயரின் முதல் எழுத்து. பிஞ்சிலேயே கீறியிருக்கிறார்.

மூப்பர் அதைத் தலைக்கு மேல் தூக்கினார். "உபதேசியார் பொண்ணு பூசணி!" என்று கத்தினார். நான் கேட்க ஏங்கின அதே குரல், அதே வார்த்தை. ஏலம் கேட்கத் தயாரானவர்கள் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து முன்னால் போனாள். சபையில் அவள் அப்படி எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"அது ஏலத்துக்கு இல்லீங்க மூப்பரே," என்றாள் அம்மா. "அது கண்டருளியாச்சி. எல்லாருக்கும் அறுத்துக் குடுங்க."